தேவகி வீட்டு ஜன்னல்

சம்பந்தி,

யாழினி படிப்பை முடித்து, அறையைக் காலி செய்துவிட்டுச் சனிக்கிழமை மாசாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. பிரித்தால், நீங்கள் அவள் அறைக் கதவில் மாட்டிக் கொடுத்த பூட்டு. வீட்டுக்கார அம்மாவின் பழைய பூட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, இதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"தாத்தா அப்படித்தான் சொல்லியிருந்தாரு பாட்டி. போறப்ப அவங்களோடத அவங்களுக்கு மாட்டிக் குடுத்துடணுமாம்."

முகர்ந்து பார்த்தேன். நீங்கள் விட்ட எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. என் தையல் மிஷின் எண்ணெய். என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தவள். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இனி எழுதி என்ன என்றும் தோன்றுகிறது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று எனக்குள் கிடக்கிறது. அதை எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

இரண்டாவது வருஷம் அவளுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நல்ல அறை அமையாவிட்டால் வீட்டிலிருந்தே போய் வரட்டும் என்று என் மகன் சொல்லிவிட்டான். மாசாயிலிருந்து கெலாங் பாத்தாவுக்குத் தினமும் பஸ் மாறி மாறிப் போய் வந்தால் அவள் எப்போது படிப்பாள்? குளியலறைக்குள் போய் அழுதாள். உங்கள் மகளோ, வயசுப் பெண்ணை யார் வீட்டிலோ எப்படி விடுவது என்று அவள் பங்குக்கு அழுதாள். நான்தான், "நானும் சம்பந்தியும் போய்ப் பாத்துட்டு வர்றோம், அதுக்கப்புறம் அழுங்க" என்றேன்.

கொண்டோ அடுக்குமாடி வாசலில் இருபது வருஷம் ஜாகா வேலை பார்த்தவர் நீங்கள். அந்தக் காவல் புத்தியை நம்பித்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன், அதுவேதான் எனக்கு எரிச்சலும் மூட்டியது. தெப்ராவிலிருந்து உங்கள் பழைய காரில் வந்தீர்கள், எங்கள் வீட்டிலிருந்து யாழினி ஓட்டினாள். அறை வாடகைக்கு இருந்த பிளாட்டுக்குப் போய் இறங்கியதும் நேரே கார்டு கூண்டுக்குப் போய், அங்கிருந்த நேப்பாளத்துக் காவல்காரனோடு மலாயில் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அவன் உங்களுக்கு நாற்காலி வேறு போட்டான்.

"ரூம் பாக்க வந்தோமா, கத பேச வந்தோமா?" என்றேன்.

"வீட்டுக்காரங்க ரூம மட்டும்தான் காட்டுவாங்க சம்பந்தியம்மா. யாரு வரா, யாரு போறான்னு இவன்தான் சொல்லுவான். நீங்க மேல போங்க லா, பின்னாலயே வர்றேன்."

நானும் யாழினியும் முதல் மாடிக்குப் போனோம். கதவைத் திறந்தவள் பெயர் தேவகி. நாற்பது வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும், "பெரியம்மா, நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள். சொன்னேன். அவளும் அதே தோட்டம். எந்த லயத்து வீடு என்றேன். மூணாவது லயம், பச்சையம்மா மகள் என்றாள். பச்சையம்மா பால் வெட்டியது என் நிரைக்கு அடுத்த நிரை. அவள் எந்தப் பக்கம் தலை சாய்த்துச் சிரிப்பாள் என்பதுகூட என் கண்ணில் நிற்கிறது. நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி சம்பந்தி. எந்தத் தோட்டம் என்று கேட்டு, நம் தோட்டம் என்று பதில் வந்துவிட்டால், அதற்கப்புறம் வேறு கேள்வியே எழுவதில்லை.

கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறையாக்கியிருந்தார்கள். ஏற்கெனவே மூன்று பெண்கள் இருந்தார்கள். அறை சுத்தமாக இருந்தது, வெளிச்சமும் இருந்தது. "நாளைக்கே சாமான் வந்துடும்" என்று நான் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

முதலில் பலகையைத் தட்டிப் பார்த்தீர்கள். கதவை உள்பக்கம் பூட்டச் சொல்லி, வெளியே நின்று ஒரு காசை வைத்துத் திருகினீர்கள். திறந்துகொண்டது.

"ஏம்மா, வீடு உங்க பேர்லயா?"

"ஓனர் சிங்கப்பூர்ல இருக்காருண்ணே. நானும் சேவாவுக்குத்தான், வாடக குடுத்துத்தான் இருக்கேன். எல்லாம் நாந்தான் பாத்துக்கறேன்."

"ரூம் ரூமா விட்டுக்கலாம்னு அவரு எழுதிக் குடுத்திருக்காரா?"

"நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குண்ணே காகிதம்?"

நீங்கள் ஜன்னல் பக்கம் போனீர்கள். ஜன்னல் கிரில்லில் ஒரு பூட்டுத் தொங்கியது. "இது சாவி எங்கம்மா?"

"எங்கிட்டதாண்ணே, பத்திரமா இருக்கு. நான் வேலைக்குப் போயிட்டா திருடன் வந்துடக் கூடாதுல்ல."

"சரி, நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. அடுப்படி வாசப் பக்கம் இருக்கு. அங்க தீப் புடிச்சா, புள்ளைங்க எந்த வழியா வெளிய வரும்?"

தேவகி உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, நீங்க சொல்லுங்க."

நான் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் அவளிடம் கை கூப்பி, "வேணாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றீர்கள். யாழினியைச் செருப்பு போடச் சொன்னீர்கள்.

காரில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "கோவமா சம்பந்தியம்மா?" என்று கேட்டீர்கள். "கோவப்பட நான் யாரு?" என்றேன். நம் பிள்ளைகள் கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்காவை எழுப்பிவிட்டு, கோவில் தலைவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தீர்களே, அதோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். என் வாக்கை என் தோட்டத்துப் பிள்ளை முன்னால் உடைத்துவிட்டீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்த வருஷம் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு முறுக்கு போகவில்லை. உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் அனுப்பவில்லை.

அதே கார்டு சொல்லித்தான் அடுத்த வாரம் பக்கத்து பிளாக்கில் வேறு அறை கிடைத்தது. ஓய்வு பெற்ற டீச்சரம்மா, சொந்த வீடு. நான் போகவில்லை, எல்லாம் யாழினி சொல்லிக் கேட்டதுதான். ஒப்பந்தத்தை அவளையே வரி வரியாகச் சத்தமாகப் படிக்க வைத்தீர்களாம். "புரியலன்னா கையெழுத்துப் போடாத, புரியற வரைக்கும் கேளு. டீச்சருக்குக் கேள்வி கேட்டா கோவம் வராது" என்றீர்களாம். சுவரில் இருந்த கறையையும் உடைந்த தரைக்கல்லையும் போட்டோ பிடித்து, அன்றைக்கே டீச்சரம்மாவுக்கு அனுப்பச் சொன்னீர்களாம். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இந்தப் பூட்டை மாட்டினீர்கள்.

ஆறு மாதம் கழித்துத்தான் உங்களோடு பேசினேன். அதுவும் குத்திக் காட்டுவதற்காக. "தேவகி வீட்டுல ஒண்ணும் பத்திக்கல. எல்லாப் புள்ளைங்களும் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "நல்லா இருக்கட்டும் சம்பந்தியம்மா. நானும் அதத்தான கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அதற்கு மேல் சண்டை போட நீங்கள் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் முறுக்கு சுட்டு அனுப்பினேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தேவகி வீட்டு ஜன்னல் பூட்டை உங்களுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் ஜன்னலுக்குப் போனேன். பூட்டைப் பிடித்து ஆட்டியும் பார்த்தேன். இதை ஏன் பூட்டியிருக்கிறாய் என்று கேட்கத் திரும்பினேன். சரியாக அந்த நேரம் பார்த்து தேவகி, "எங்கப்பா செத்தப்ப நீங்கதான் ஒரு மாசம் சோறு ஆக்கிப் போட்டீங்கன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும் பெரியம்மா" என்றாள். அப்படிச் சொன்னவளிடம் எப்படிக் கேட்பது? கையை எடுத்துவிட்டேன். என் பேத்தி படுக்கப் போகும் அறை, எனக்கு அந்த ஒரு பேச்சு பெரிதாகப் போய்விட்டது. உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம், நான் கேட்காததை நீங்கள் கேட்டுவிட்டீர்களே என்பதுதான்.

சனிக்கிழமை இதை யாழினியிடம் சொன்னேன். நீங்கள் மாட்டிக் கொடுத்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை.

"தாத்தாவுக்குத் தெரியும் பாட்டி. நீங்க ஆட்டிப் பாத்தப்ப அவரு வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்களே கேப்பீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னாராம். கீழ வந்ததும் எங்கிட்ட தனியா, 'பாட்டி பாத்துட்டாங்க, வாய் வரல. நீ எப்பவும் அதப் பத்திக் கேட்டுடாத, தாங்க மாட்டாங்க'ன்னாரு."

தெரிந்துகொண்டே ஆறு மாதம் என் கோபத்தை வாங்கிக்கொண்டீர்கள். நான் ஊரெல்லாம் உங்களைப் பற்றிப் பேசியபோதும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

யாழினிக்குப் பினாங்கில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அங்கே அறை பார்க்க வேண்டும். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கதவைத் திறக்கிறவர்கள் எந்தத் தோட்டம் என்று கேட்டால் சொல்வேன், அதை விட முடியாது. அவர்கள் என் அம்மாவின் பேரையே சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், கண் கலங்கினாலும் கலங்கட்டும். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன் சம்பந்தி. இந்தத் தடவை என் வாயால் கேட்பேன்.