ஓடாத நண்டுகள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வருவதற்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன்.

அறிவியல் அறையின் ஜன்னலைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலில் பூச்சி மருந்து தெளித்திருக்கிறார்கள். போன கார்த்திகையில் ஏரிக்குக் கீழே நாம் வரப்பில் நடந்தபோதும் இதே வாடைதான். உனக்குப் பத்து நாளாகச் சளி, மூக்கு அடைத்திருந்தது. என் மூக்குக்கு எதுவும் இல்லை.

போன வருஷப் பள்ளிக் கண்காட்சிக்காக நாம் தொடங்கிய பன்னிரண்டு தாள்கள் நினைவிருக்கிறதா? எந்த மாதத்தில் எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று மாதத்துக்கு ஒரு தாள். சித்திரைக்கு நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. ஆடிக்குக் கேழ்வரகுக் கூழ். தைக்கு மொச்சை. நீ சொல்லுவாய், நான் எழுதுவேன். புரட்டாசித் தாளில் நானாகவே கருவாடு என்று எழுதிவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "புரட்டாசில கருவாடா? எங்கம்மா பாத்தா உன்ன வூட்டுக்குள்ளயே சேக்காது. சாம்பார வுட்டா உனக்கு இன்னாடி தெரியும்?"

கார்த்திகைத் தாள் மட்டும் பாக்கி. "நண்டு ரசம். வயல் நண்டு. மூணு நாள்ல சளி அறுத்துக்கினு போயிடும்" என்றாய். நான் படம் வரைய வேண்டும், நீ ரசம் குடிக்க வேண்டும் என்று அந்தச் சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

வளைக்குள் கைவிட்டு, கடிபட்டு, துரத்திப் பிடிப்பதுதான் உன் வழக்கம். அன்று நண்டுகள் வரப்பின்மேலேயே கிடந்தன. விரலால் தள்ளினாலும் காலை மட்டும் அசைத்தன.

"இன்னாடி இது, ஓடவே மாட்டேங்குதுங்க?"

என்னிடம்தான் கேட்டாய். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"குளிர்ல அதுங்க உடம்பு மந்தமாயிடும். புத்தகத்துல இருக்கு."

புத்தகத்தில் இருந்தது பாம்பைப் பற்றியும் தவளையைப் பற்றியும். நண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாய்க்காலில் இரண்டு தவளைகள் வயிறு மேலாக மிதந்தன. அதையும் பார்த்தேன். நோட்டில் எழுதவும் செய்தேன்: தவளை, இரண்டு. அவ்வளவுதான்.

"படிச்சவ நீ சொன்னா சரிதான்" என்று தூக்குச்சட்டியில் அள்ளிப் போட்டாய்.

உன் அம்மா நண்டை இடித்துச் சாறெடுத்தார். மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்டதும் வீடே மணந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். "ஒரு வாய் குடிச்சுப் பாரு, சாமி கண்ண குத்திடாது" என்று டம்ளரை நீட்டினாய். "சாப்பிடாத பொண்ண ஏன்டி பேஜார் பண்ற?" என்று உன் அம்மா அதட்டினார். கரண்டியில் ஒட்டியிருந்ததை மட்டும் அவர் நக்கிப் பார்த்தார். நீ இரண்டு டம்ளர் குடித்தாய்.

விளக்கு வைப்பதற்குள் உனக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மழையில் நனைந்து ஜன்னி கண்டது என்றது தெரு. உன் அம்மாவும் இரண்டு நாள் வாந்தி எடுத்தார். அழுது அழுது அப்படி ஆனது என்றார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர், "அன்னிக்கு ரெண்டு பேரும் மழைல நனஞ்சீங்களா கண்ணு?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். அன்று மழையே இல்லை.

ஒரு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன். நேற்று மாலை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அந்த வரப்பிலிருந்து சட்டியோடு ஏறி வந்தார்கள். "ஓடவே இல்லக்கா, சும்மா பொறுக்கிக்கினு வந்தோம்" என்று பெருமையாகக் காட்டினார்கள். சட்டியைப் பிடுங்கி முள்வேலிக்குள் கவிழ்த்தேன். மருந்து பட்ட நண்டு, தின்றால் செத்துப்போவீர்கள் என்று கத்தினேன். "நீ துன்ன மாட்ட, உனக்கு இன்னா தெரியும்?" என்று ஒருத்தி அழுதாள். உன் குரல் மாதிரியே இருந்தது.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். தவளை, வாடை, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அடுப்பைப் பார்த்தபடி, "அப்ப நாந்தான் எங்கையால ஊத்திக் குடுத்தேனா?" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. என் சுமையை இறக்கி வைக்கப் போனேன். அதை அவர் தலையிலும் ஏற்றிவிட்டு, என்னுடையதையும் திரும்பச் சுமந்து வந்தேன்.

நாளைக்கு இந்த வருஷக் கண்காட்சி. பதினோரு தாள்களையும் நாம் எழுதியபடியே சுவரில் ஒட்டிவிட்டேன். கார்த்திகைத் தாளில் ரசத்தின் அளவுகள் இல்லை. நண்டின் படத்துக்குக் கீழே, "ஓடாத நண்டைத் தொடாதீர்கள். ஏன் என்று என்னிடம் கேளுங்கள்" என்று எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உன் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜன்னலைச் சாத்தியும் வாடை போகவில்லை. வயலில் ஒரு தவளைச் சத்தமும் இல்லை. வாட்ச்மேன் சாவியோடு வந்து நிற்கிறார். விளக்கை அணைக்கப்போகிறார்.