ஏழு ராத்திரிக்கு மூன்று ராத்திரி

பிப்ரவரி 9

பாத்திரம் கழுவிக் கழுவி வலது கட்டைவிரலில் தோல் உரிந்துவிட்டது. விடுமுறைக்குப் போய் வந்தவளின் கை இது. ஸ்கேன் சென்டரில் என் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் உட்காரும் கணக்கர், "கடலோர வீடு, ஒரு வாரம், உங்களுக்கென்னம்மா" என்றார். பல்லைக் காட்டினேன்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது அது. வருஷத்தில் ஒரு வாரம் அந்த வீடு எங்களுக்கு. மற்ற வாரங்களில் வேறு யார் யாருக்கோ. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அந்தச் சமையலறைதான் என் தலையெழுத்து. நாத்தனார், நாத்தனார் புருஷன், தடிமாடு மாதிரி அவர்களுடைய இரண்டு பையன்கள், எல்லோரும் போய்க் கடலைப் பார்ப்பார்கள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும். இந்தத் தடவை நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்து, "கடல் தண்ணியிலயா சமைச்ச?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் —

போகட்டும்.

பிப்ரவரி 21

அந்தக் கடலோர வீட்டை நடத்தும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அடுத்த வருஷ வாரத்தை இப்போதே விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதிலாக ஓட்டல் பாயிண்ட் தருவார்களாம், அதை இந்த வருஷமே செலவழிக்கலாமாம். நல்ல ஓட்டலில் மூன்று ராத்திரி, ஒரு அறை, இரண்டு பேர், காலைச் சாப்பாடு அவர்களுடையது. ஒரு தடவை மாற்றினால் மாற்றியதுதான், அந்த வாரம் திரும்பி வராது.

"ரூம்ல அடுப்பு இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மேடம், சாரி" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 22

கணக்கரிடம் சொன்னேன். ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். "ஏழு ராத்திரி, ஆறு பேரு. அதைக் குடுத்துட்டு மூணு ராத்திரி, ரெண்டு பேரா? சுத்த நஷ்டம்மா. படிச்சவங்க பண்ற காரியமா இது?"

"சமையக்காரி சம்பளத்தச் சேத்தீங்களா?"

"அங்க ஏதும்மா சமையக்காரி?"

மறுபடியும் பல்லைக் காட்டினேன்.

பிப்ரவரி 27

கம்பெனியில் கணக்கு என் வீட்டுக்காரர் பெயரில்தான். ஆனால் அவருக்கு செயலியும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. "அடுத்த வருஷம் வீடு வேணாங்க, ஓட்டல் எடுத்துக்கலாம், நீங்களும் நானும்" என்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னமோ பண்ணு" என்றார். பண்ணிவிட்டேன். வருகிற ஏப்ரல் இருபதுக்கே அறையும் போட்டாயிற்று.

மார்ச் 2

நாத்தனாரிடம் சொல்வதற்கென்றே அவள் வீட்டுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் முகத்தைப் பார்க்க முடியாதே.

"இனிமே வீடு கிடையாது அண்ணி. ரூம்தான். ரெண்டு பேருக்குத்தான் இடம்."

குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தாள். முகம் தொங்கிப்போயிற்று. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "பசங்களுக்குத்தான் பாவம்" என்றுகூடச் சொன்னேன்.

"ரொம்ப யோசிச்சிருக்க" என்றாள். அவ்வளவுதான். அந்தக் காபியை அவள் முடிக்கவே இல்லை. நான் என்னுடையதை நிதானமாகக் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19

நாத்தனார் வயிற்று வலி என்று எங்கள் சென்டருக்கே ஸ்கேனுக்கு வந்தாள். நடிப்பு என்றுதான் நினைத்தேன். இல்லை. பித்தப்பை நிறையக் கல். படத்தை நானே பார்த்தேன். பாவம் என்று தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். தோன்றவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 8

ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நான்தான் சமையல். ஓட்டலை நினைத்துக்கொண்டே கிளறுகிறேன்.

ஏப்ரல் 14

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்கிறார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அக்காவுக்கு நல்ல ஓய்வு வேணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த ஓட்டலுக்கு அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன். ரெண்டு பேருக்குத்தான் இடம்னு நீதான சொன்ன."

"அப்ப நான்?"

"நீ நல்லாத்தான இருக்க, உனக்கென்ன? அந்த மூணு நாளும் அத்தானும் பசங்களும் இங்க வந்து சாப்பிடட்டும்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 15

உனக்கென்ன. உனக்கென்ன. உனக்கென்ன.

ஏப்ரல் 20

காலை ரயிலில் கிளம்பினார்கள். நாத்தனார் வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். புதுச் செருப்பு. "பசங்களுக்குக் காரம் கம்மியா போடு" என்றாள்.

வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்கு செயலியைத் திறந்தேன். வந்து சேரும் நாளில் பகல் பன்னிரண்டு வரைக்கும் ரத்து செய்யலாம், பாயிண்ட் முழுவதும் திரும்பிவிடும். 'நிச்சயமாக ரத்து செய்யவா?' என்று கேட்டது. எங்கள் வீட்டில் என்னை யாரும் எதையும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. ஆமாம் என்று அழுத்தினேன்.

மதியத்துக்கு மேல் அவரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. மேஜை மேல் அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டே டோக்கன் கொடுத்தேன். சாயங்காலம் நானே கூப்பிட்டு, "ஐயையோ, அப்படியா?" என்றேன். நன்றாகவே சொன்னேன்.

விடுமுறைக் காலம் என்பதால் ஓட்டலில் வேறு அறை காலி இல்லை. நாத்தனார் வரவேற்புக் கூடத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்திருக்கிறாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் கிடைத்ததாம். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை.

நாத்தனார் புருஷன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். நல்லா இருக்கு என்றார்.

ஏப்ரல் 22

திரும்பிவிட்டார்கள். மாடி ஏறியதில் ஒரு தையல் விட்டுப்போய் நாத்தனாருக்குச் சுரம். அவர் கம்பெனிக்காரனைப் பேசவே விடாமல் போனில் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருக்கிறார். "இவனுங்களயெல்லாம் நிக்க வச்சுச் சுடணும்" என்கிறார். ஆமாங்க என்றேன்.

ஏப்ரல் 26

கஞ்சி கொண்டுபோனேன். அவள் புருஷன் வெளியே போகும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"உங்க வீட்லயிருந்துதான் கேன்சல் பண்ணியிருக்காங்கன்னு அந்த ஓட்டல் கவுன்ட்டர்ப் பொண்ணு சொன்னா. தம்பி அப்ப போன்ல கத்திக்கிட்டு இருந்தான். அவன் காதுல விழல."

நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். ஆனா ரயிலேறுறதுக்கு முன்னாடி பண்ணியிருப்பேன்டி. வயித்துல தையலோட அந்தப் படிக்கட்டு..." நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "தம்பிகிட்ட சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். பாயிண்ட் திரும்பி வந்திருக்குமில்ல? என்னைக் கூட்டிட்டுப் போ. நீயும் நானும். தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கஞ்சி ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வா என்றாள். பண்ணிக்கொண்டு வந்தேன்.

மே 12

ஓட்டல். ஐந்தாவது மாடி. ஜன்னல் முழுக்கக் கடல். பாத்ரூமில் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். அடுப்பு இல்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

காலையில் அவளுக்குக் கட்டு மாற்றினேன். தலை வாரிவிட்டேன். கீழே நடக்க முடியாது என்றாள், தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன். முட்டை ஆறிவிட்டது என்றாள், மறுபடியும் போனேன். என் பங்கைச் சாப்பிட இறங்கியபோது மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் முழுக்கக் கால் பிடித்துவிட்டேன். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை அவள் எடுத்துக்கொண்டதால் கடலை அவள்தான் பார்த்தாள். அவர் போன் பண்ணி, "அக்காவ நல்லாப் பாத்துக்கோ, உனக்கும் ஓய்வா இருக்குமில்ல" என்றார்.

ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ மாத்துன வாரத்துக்கு அடுத்த வருஷ வாரம் ஒண்ணு இருக்குமே. அதையும் இப்பவே மாத்திடு. என் கண்ணு முன்னாடியே பண்ணு."

போனை எடுத்தேன். மாற்றினேன். மாற்றினால் மாற்றியதுதான் என்று எச்சரித்தது. தங்குகிறவர்களின் பெயர் கேட்டது, இரண்டு. என் பெயரையும் அதற்குக் கீழே அவள் பெயரையும் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

"எம் பேரு மேல வரட்டும்" என்றாள்.

திருத்தினேன்.