மாலை போட்ட காரணம்

நவம்பர் 18, திங்கள்

விடியுமுன்பே மழை. பச்சைத் தண்ணீரில் குளிப்பு, மூன்றாம் நாள். பல் கிட்டிப்போகிறது. வெந்நீரில் குளித்தால் ஐயப்பனுக்கு என்ன நட்டமோ.

கறுப்பு வேட்டி, துளசி மாலையோடு பள்ளிக்கூடம். அதிபர் சந்திரசேகரன் ஓய்வறை வாசலிலேயே கைகூப்பினான். "சாமி சரணம்! என்னா சேர், நீங்க சாமியே இல்லன்னு பேசுன ஆளாச்சே?" பத்துப் பேர் சிரிப்பு. என்னைவிட எட்டு வருடம் இளையவன். நான் இன்னும் பிரதி அதிபர். அதிபர் பதவி நேர்முகத்துக்கு எந்த அரசியல்வாதியின் வாகனத்தில் வந்து இறங்கினான் என்று இந்த ராகலைக்கே தெரியும்.

"வயசாகுதுல்ல" என்றேன். உள்ளே போய்விட்டேன்.

காரணத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வேறு எங்கும் எழுத முடியாது.

செப்டம்பரில் கொழும்பில் மூன்று நாள் கருத்தரங்கு. கடைசி நாள் ஒரு விடுதி, ஒரு பெண். பெயர் கேட்கவில்லை. அக்டோபரில் பள்ளிக்கூடத்தில் இரத்ததான முகாம். சந்திரசேகரனின் ஏற்பாடு, ஆகவே படம் பிடிப்பு வேறு. நான் படுக்காவிட்டால் "சேருக்கு ஊசின்னா பயம்" என்பான். படுத்தேன். படிவத்தில் கேட்ட அத்தனைக்கும் 'இல்லை' என்று கோடு போட்டேன். பிறகு இரத்த வங்கியிலிருந்து அழைப்பு. கண்டிக்கு வரச் சொன்னார்கள்.

எச்.ஐ.வி. புதுத் தொற்று, சில வாரங்கள்தான் ஆகிறதாம். சீக்கிரம் அகப்பட்டது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அதிர்ஷ்டம்!

ராணிக்குச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்த பிறகு, விஷயம் தெரியுமுன், அவளோடு இரண்டு தடவை. தெரிந்த பின் முதுகு வலி என்று தள்ளிப் படுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் முதுகு தாங்காது. எண்ணெயும் கையுமாக வந்து நிற்கிறாள். கார்த்திகை பிறந்தது. மாலை போட்டேன். தனிப் பாய், தனித் தட்டு. ஒருவன் பெண்டாட்டியைத் தொடாமல் இருந்தால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்காத காரணம் இது ஒன்றுதான்.

மாத்திரை: நாளுக்கு ஒன்று. பள்ளிக்கூட அலுமாரி, சோக் பெட்டிக்கு அடியில்.

நவம்பர் 20, புதன்

கண்டி. ராணியிடம் பாஸ்போர்ட் விஷயம் என்று சொன்னேன். சபரிமலைக் குழுவோடு போக வேண்டுமே. ஒரு பொய் அடுத்த பொய்க்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது.

பஸ்ஸில் கொண்டக்டர்: "சாமி, உள்ளுக்குப் போங்க சாமி. சாமிக்கு ஒரு சீட் குடுங்கப்பா." கர்ப்பிணி ஒருத்தி எழுந்தாள். உட்கார்ந்தேன். அவள் நுவரெலியா வரை நின்றுகொண்டு வந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். தொற்று வந்து அதிக நாள் ஆகாதவர்களைத் தேடுகிறார்களாம், ஓர் ஆராய்ச்சிக்கு. நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்றை இரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். சில தடவை ஏற்றிய பின் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்கள். வாரா வாரம் இரத்தம் எடுப்பார்கள். வைரஸ் தலையெடுத்தால் உடனே பழைய மாத்திரை. சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

அவர் சிங்களவர். என்னைக் கண்டதும் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். நான் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். இரக்கப்பட்டுப் பேசும் தமிழ் எனக்கு வேண்டாம்.

மாத்திரை இல்லாமல் இருக்கலாம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் தலையாட்டினேன். மனித குலத்துக்குச் சேவை செய்ய அல்ல. மாத்திரை இல்லை என்றால் சோக் பெட்டி இல்லை. ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. சாகும் வரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம்.

விளக்கப் பத்திரம் பன்னிரண்டு பக்கம். யாரோ அரைகுறை மொழிபெயர்த்தது. சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே போனேன், பழக்கதோஷம். ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. மாத்திரை நிறுத்தும் காலத்தில் துணைவருக்குப் பரவும் ஆபத்து உண்டு. ஆகவே துணைவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவரும் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

தாதி பர்சானா, கண்டிப் பெண், இருபத்தாறு வயது இருக்கும்.

"ஒங்க மிஸிஸுக்குத் தெரியுமா சேர்?"

"தெரியும்."

"அப்ப ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு லீவு கிடைக்காது."

"சரி, போன்ல பேசுறேன். நம்பர் சொல்லுங்க."

"போன் இல்லை."

"இந்தக் காலத்துல போன் இல்லாத பொம்பள எங்க சேர் இருக்காங்க?" பேனாவை மூடி வைத்தாள். "ஆராய்ச்சியில சேருறதும் விடுறதும் ஒங்க இஷ்டம். அவங்க ரத்தத்தப் பாக்குறது அப்புடி இல்ல. ஒக்டோபர்லயே சொன்னோம். அடுத்த வாரம் வியாழன் வரைக்கும் பாக்குறேன்."

என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய மாதிரிப் பேசுகிறாள்.

நவம்பர் 21, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. ரோஜாவுக்குக் கவாத்து செய்ய நினைத்தேன். செய்யவில்லை.

ராணி வீட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறாள், தினமும், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்குப் போகுமுன். அங்கே நாற்பது கைக்குழந்தைகள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப் போவது. திரும்பி வந்து எனக்குத் தனிச் சமையல். மீன் சட்டியை வெளியே கவிழ்த்து வைத்துவிட்டாள். இருபத்து மூன்று வருடமாக என்னை "ஏங்க" என்றவள் இப்போது "சாமி" என்கிறாள். பக்கத்து வீட்டு மரியாயியிடம் வேலியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எரிஞ்சு எரிஞ்சு விழுவாருல்ல, இப்ப அது இல்லக்கா. மால போட்டதுல இருந்து மனுசன் மாறிட்டாரு."

மாறவில்லை. பயம்.

பி.ப. 5: ராணியின் அண்ணன் தவராசா வந்தான். குழுவுக்குக் குருசாமி அவன்தான். பதினெட்டுத் தடவை மலை ஏறியவன். அந்தக் கணக்கை வாய் திறந்த இரண்டாவது நிமிடத்தில் சொல்லிவிடுவான். "மாப்ள, கன்னிச்சாமி வீட்டுல கன்னி பூசை வைக்கணும். ஞாயித்துக்கிழம. இருவது சாமிமாரு வருவாங்க. மறுக்கக் கூடாது."

இது எனக்குத் தெரியாது. மாலை போட்டால் பெண்டாட்டியைத் தொட வேண்டாம் என்பது மட்டும் தெரியும். முதல் தடவை போடுபவன் வீட்டில் பூசை நடக்கும் என்பதைக் கேட்டு வைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். நான் பார்க்காமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பூசை முடிந்தது. செய்ய வேண்டியவை: வாடகைப் பாய்கள் திருப்பிக் கொடுக்க. பெரிய கிடாரம் கோவிலுக்கு. சந்திரசேகரனையும் யாரோ அழைத்திருக்கிறார்கள். இரண்டு தரம் பொங்கல் வாங்கினான்.

இருபது பேர், சரணம், மேளம், கூடம் நிறையப் புகை. எல்லாம் முடியும் நேரம் தவராசா தாம்பாளம் கொண்டுவரச் சொன்னான். "தங்கச்சி, கன்னிச்சாமிக்குப் பாத பூச செய்."

ராணி முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். என் வலது காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தாள். தண்ணீர், பால், மறுபடி தண்ணீர். மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள். விரல் இடுக்கில் ஒட்டிய சேற்றை நகத்தால் எடுத்தாள்.

"சாமிக்கு வெக்கத்தப் பாரு" என்று யாரோ.

பிறகு அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள். விழுந்து கும்பிட்டாள். நெற்றி என் பெருவிரலில் பட்டது.

காலை இழுத்திருக்கலாம். முதுகு வலி என்றாவது சொல்லியிருக்கலாம். இழுக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

மூடுபனி. வேலி தெரியவில்லை.

சொல்லிவிட்டேன். மு.ப. 5.40, அடுப்படியில். மனசாட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். வியாழன் கெடு, அவ்வளவுதான். இப்படி எழுதினால் எனக்கு வசதியாக இருக்கிறது.

அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், வகுப்பில் பாடம் சொல்வது போல். விடுதி, இரத்த வங்கி, கண்டி, மாத்திரை. திரும்பாமல் கேட்டாள்.

"எந்தத் தேதி?"

சொன்னேன். விரலை மடித்து எண்ணினாள். "அதுக்கப்புறம் ரெண்டு தடவ."

"ஆமாம்."

"ஒரே தட்டுல தின்னா வராது, தொட்டா வராது. எங்களுக்கு ட்ரெயினிங்ல சொன்னாங்க. நான்தான் லயத்துல, தோட்டத்து ஆளுங்க வீடு வீடாப் போயி அந்தப் பேப்பரக் குடுத்தேன்." விறகை உள்ளே தள்ளினாள். பிறகுதான் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்து மாலையைப் பார்த்தாள். "அப்ப இது?"

மாலையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இதுக்காகவா போட்டீங்க?"

"வேறு வழி தெரியவில்லை."

"பொம்பளகிட்ட போனத விடுங்க. அது ஒரு நாளு. நேத்து ஊரே பாக்க ஒங்க காலக் கழுவி அந்தத் தண்ணியத் தலையில தெளிச்சேன். நீங்க குனிஞ்சு பாத்துகிட்டு ஒக்காந்திருந்தீங்க." குரல் உயரவேயில்லை. "வாய் இருந்துச்சுல்ல ஒங்களுக்கு?"

விறகை வெளியே இழுத்து அணைத்தாள். செருப்பை மாட்டினாள். "பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சணும்" என்று போய்விட்டாள். வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி முந்தி.

நவம்பர் 26, செவ்வாய்

நாள் முழுக்க மழை.

பி.ப. 6. மீன் சட்டி உள்ளே வந்தது. கருவாடு பொரித்தாள். சன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு. மணம் லயம் வரை போயிருக்கும். வேலிக்கு அப்பால் மரியாயி: "ஏய் ராணி, சாமி இருக்குற வீட்டுல கருவாடு மணக்குது?"

"எங்க வீட்டுல சாமி யாருமில்லக்கா. ஒரு மனுசன்தான் இருக்காரு."

மாலையை நானே கழற்றி ஐயப்பன் படத்தில் போட்டேன். அரை மணி நேரத்தில் தவராசா வாசலில். "மாப்ள! நடுவுல கழட்டலாமா? குடும்பத்துக்கே ஆகாது!" நான் வாய் திறக்குமுன் ராணி சொன்னாள்: "முதுகு ஏலாதாம். டொக்டர் மல ஏறக் கூடாதுன்னுட்டாரு. விடுண்ணே."

அவன் போன பின் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வாக்கியம்: "ஒங்களுக்காகச் சொல்லல. மட்டக்களப்புல ஒங்க மக ஒருத்தி படிக்கிறாளே, அவளுக்காக."

நன்றி சொல்லவில்லை. கேட்கவும் மாட்டாள்.

நவம்பர் 28, வியாழன்

கண்டி, இருவரும். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. அவள் முன்னால், முட்டைக்கோவாக் கூடையோடு இருந்த ஒரு கிழவனுக்குப் பக்கத்தில்.

பர்சானா அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். நாற்பது நிமிடம். நடுவில் ராணியின் சிரிப்புச் சத்தம். என்ன சிரிப்பு? என்னைப் பற்றியா? இருபத்து மூன்று வருடத்தில் நான் இருக்கும் அறையில் அந்தச் சிரிப்பை எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

இரத்தம் எடுத்தார்கள். காத்திருப்பு. சுவரில் விளம்பரம், மூன்று மொழி. தமிழில் இரண்டு பிழை. கண் அதிலேயே. அவளுக்கு இருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்காமல் இருக்க அந்த இரண்டு பிழையையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தொற்று இல்லை. உறுதிக்காக இன்னும் ஒரு தடவை, சில வாரம் கழித்து.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் ஊசி குத்திய இடத்தை அழுத்திக்கொண்டாள். டாக்டரிடம் கேட்டாள், தோட்டத்துச் சிங்களத்தில்: மாத்திரை நிறுத்தும்போது இவருக்கு என்ன ஆகும்? நிறுத்துவதை யார் முடிவு செய்வது? நடுவில் வேண்டாம் என்றால் விடுவீர்களா? உப்புத் தண்ணீர் என்றால் எப்போது சொல்வீர்கள்?

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பன்னிரண்டு பக்கத்திலும் எழுத்துப் பிழை பார்த்தேன். இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்துப் படிவத்தில் அவள் கையெழுத்து. தெரியும் என்று. பிறகு நான்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெளிறிய வெயில். மு.ப. 10க்கு ஏற்றத் தொடங்கினார்கள். சாய்வு நாற்காலி, இடது கை, சின்னப் பை, தெளிந்த தண்ணீர். மருந்தா உப்பா, பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் சொச்சம். பிறகு கண்காணிப்பு. கொஞ்சம் குளிர், தலைப்பாரம். அடுத்த கதிரையில் ஓர் இளைஞன், போனில் கிரிக்கெட். என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். நான் சிரிக்கவில்லை.

முதல் நாள் வீட்டில் ஒருவர் கூட இருந்து காய்ச்சல் பார்க்க வேண்டுமாம். "யாரு இருப்பாங்க?" பர்சானா என்னைக் கேட்கவில்லை.

"இன்னைக்கு நான்" என்றாள் ராணி. "நாளையில இருந்து அண்ணன் வீட்டுக்குப் போறேன். எனக்கு ரெண்டாந்தடவ ரத்தம் பாக்குற வரைக்கும். அப்புறம் நான் யோசிக்கணும்."

இதை என்னிடம் சொல்லவில்லை முன்பு. தாதி முன்னால்தான் முதல் தடவை என் காதில் விழுந்தது.

பஸ்ஸில் இன்று பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டளை அப்படி, ஆளைக் கவனிக்க வேண்டும். நுவரெலியா தாண்டியதும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எனக்காகவா வந்த?"

சன்னல் பக்கம் பார்த்தபடி: "நீங்க சாகணும்னு நான் நெனைக்கல. அதுக்கு மேல எதையும் எங்கிட்ட எதிர்பாக்காதீங்க."

வீடு. கஞ்சி. அவள் பெட்டி கதவோரம், கட்டி முடித்து. பி.ப. 7க்குத் தேர்மோமீட்டரை நீட்டினாள். 100.2. எழுதி வைக்கச் சொன்னாள். எட்டு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை பேச்சுக் குடுக்காதீங்க என்றாள்.