மயிலம்மாளின் அப்பா உயிரோடிருக்கிறார்

பெடாஸ்,
ஐப்பசி, 1951

மயிலம்மாளின் அப்பாவுக்கு, வள்ளியம்மா வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற நினைப்புதான் எப்போதும். தடுப்பு முகாமில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் ஐயா யாராக இருந்தாலும், பிள்ளை பெற்றவராக இருந்தால் கடைசி வரை படிக்கட்டும். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது.

லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். காலையில் கேட்டில் தடவிச் சோதித்துத்தான் எங்களை வெளியே விடுகிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்கள் கைக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. வெறும் வயிற்றோடு ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் சாப்பாடு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணேசமூர்த்தி என்று புது வாத்தியார் வந்திருக்கிறார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் காலை பத்து மணிக்குத் தகப்பன்மார் கூட்டம் என்று ஒன்று வைக்கிறார். அந்த நேரத்தில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். புருசனும் பெண்டாட்டியுமாக மரம் வெட்டுகிறவர்கள் வீட்டில் அவள் மர நெரையைப் பார்த்துக்கொள்ள, அவன் ஓடிப்போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவான். ஒற்றை ஆளாக நிற்கிற நான் வாளியை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? பால் நிறுத்த பிறகு வருகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லியனுப்பினேன். தாய் வந்தால் கணக்கில்லை, தகப்பன்தான் வரவேண்டும் என்று பதில் வந்தது. உங்களைத் தொழிற்சங்கத்து ஆள் என்று பிடித்துக்கொண்டு போனது தோட்டத்துக்கே தெரியும். இவருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரசுவதி பூசையன்று பூ வைத்து, பொட்டிட்டு, தட்டில் பொரியும் பழமும் எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். எல்லோர் முன்னாலும், "ஏம்மா, புருசன் போயி ரெண்டு வருசம்கூட ஆவல, பூவும் பொட்டுமா சாமிகிட்ட வந்து நிக்கிறியே?" என்றார். தாலியை வெளியே எடுத்துக் காட்டி, யார் சொன்னது என்று கத்தினேன். அவர் மயிலம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டத்துக்குத் தகப்பன் வராத பிள்ளைகளைக் கூட்டம் முடியும்வரை நிற்க வைப்பாராம். செத்துப்போனவர்களின் பிள்ளைகள் மட்டும் உட்காரலாமாம். கால் கடுக்க நின்ற நம் பிள்ளை, ஒரு நாள், "எங்க அப்பா செத்துட்டாரு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதைக் கேட்டதும் நான் வாத்தியார் என்றும் பார்க்கவில்லை. "செத்தவன் புள்ள உக்காரலாம், முகாமுல உள்ளவன் புள்ள நிக்கணுமா? பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னைக் கூப்புட உங்களுக்கு வாய் வரலியா?" என்று கேட்டேன். ராக்கம்மா, புருசனைப் பறிகொடுத்தவள், பூசைக்கு ஆகாது என்று வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவள் மகனுக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

இந்த வாரம் வாத்தியார் பால் நிறுக்கும் நேரத்துக்கு ஸ்டோருக்கே வந்தார். வாளிகளுக்கு நடுவே நின்று, தனியாகப் பிள்ளை வளர்க்கும் எங்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார். மயிலம்மாள் கணக்கில் முதலாம், மேலே படிக்க ரெம்பாவ் டவுன் பள்ளிக்கு அனுப்பலாமாம், என் சம்மதம் போதுமாம். சரி என்றேன். ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. இந்த நடையை அவர் முதலிலேயே நடந்திருந்தால் என் பிள்ளை வாயில் அந்தச் சொல் வந்திருக்குமா?

பூசையன்று வீட்டுக்கு வந்ததும் அவளை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. "அப்பா இருந்தா ஏம்மா இத்தன நாளா ஒரு கடுதாசி போடல?" என்று கேட்டாள். சித்திரையில் வந்ததுதான் உங்கள் கடைசிக் கடிதம். முகாமில் கேட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அவள்மேல் வருத்தப்படாதீர்கள். மாரியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். பள்ளிக்கூட விலாசத்துக்கு அவள் பெயர் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். அவளைத் திட்டியாவது எழுதுங்கள். வேறு யார் கையாலும் வேண்டாம், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்
வள்ளியம்மா