என் நிரலைப் படிக்கப்போகும் இருவர்

செவ்வாய்க்கிழமை, ஸ்ரீரங்கம்.

நாளை காலைக்குள், எனக்கு வேலை தர முன்வந்திருக்கும் நிறுவனத்திற்கு விடை கூற வேண்டும். முழுநேர மென்பொருள் பணி, வீட்டிலிருந்தபடியே செய்யலாம். மறுக்கக் காரணமில்லை. ஆயினும் நேர்காணலில் மேலாளர் அம்மையார் இயல்பாகச் சொன்ன ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது: "நீங்க எழுதுற ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் படிச்சுப் பார்த்து ஓகே சொன்னாத்தாங்க மென்பொருளுக்குள்ள போகும்."

எவரிடமும் பாடம் கேட்காமல் நானே கற்றுக்கொண்ட தொழில் இது. அரியமங்கலம் பட்டறைகளுக்குத் பில் போடும் கணினி நிரலைத் தனியாளாக எழுதித் தருகிறேன். பில் சரியாக வந்தால் அவர்களுக்குப் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

தங்கை மாலதியிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீ எழுதுனதுல தப்பு கண்டுபிடிக்க ரெண்டு பேராக்கா? பாவம், உன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கப் போறாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுதந்திரம் பறிபோகும் என்பதால்தான் தயங்குகிறேன் என்று அவளிடம் கூறினேன்.

அது முழு உண்மையா என்று அறிய, ஒரு பட்டறைக்கு எழுதிய நிரலைத் திறந்து அந்த இருவரின் கண்களால் படித்தேன். நடுவில் ஒரு வரி. அதை நீக்கினேன், கணக்கு நின்றுவிட்டது. மீண்டும் சேர்த்தேன், ஓடியது. ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

வேலையில் சேராவிட்டால், அந்த வரி எதற்கென்று என்னிடம் எவரும் கேட்கப்போவதில்லை.