சஹன் விளக்கு

ஜனவரி 17

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை இன்றுதான் பிரித்தேன். அவர் சட்டை, கைலி, மூக்குக்கண்ணாடி. சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. மேல்பையில் ஒரு பிடி நெல். முளைத்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் பெய்த மழையில் சம்பா மொத்தமும் தண்ணீரில் படுத்துவிட்டது. சாயாமல் நின்ற நாலைந்து கதிரை விதைக்கென்று உருவிப் பையில் போட்டிருக்கிறார். அப்புறம் வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயலைப் பார்த்துக்கொள்ளும் பக்கிரி சொன்னது இவ்வளவுதான். இருபது வருஷமாக அவர் மாற்றாமல் வைத்திருந்த சிவப்பு நெல் அது. இனி அந்த விதை யாரிடமும் இல்லையாம்.

நூர்ஜஹான் மதினி, அவருடைய அக்கா, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் அழவில்லை என்று அவருக்குக் கவலை. அழுகை வரலை. வரலைன்னா என்ன செய்யறது?

ஜனவரி 18

முளைத்த நெல்லைக் கீழே போட மனம் வரவில்லை. பக்கிரியிடம் சொல்லி வயல் சேறு இரண்டு வாளி கொண்டுவரச் செய்தேன். கொல்லைக் கதவோடு வைத்துவிட்டுப் போனார், மதினி உள்ளே எடுத்துவந்தார். துணி ஊறவைக்கும் டப்பில் சேற்றைக் கொட்டி ஒவ்வொன்றாக ஊன்றினேன்.

இத்தா இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் இந்த உள்ளறைதான். அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. முற்றத்து வெயிலுக்குக்கூட மதினி விடமாட்டார். எனக்கும் எங்கேயும் போகத் தோன்றவில்லை.

ஜனவரி 25

நாற்று சோகை பிடித்துவிட்டது. நூல் மாதிரி நீண்டு, மூடிய ஜன்னல் பக்கமாகச் சாய்கிறது. உத்தரத்தில் இருக்கும் ஒரு பல்பு மனுஷருக்குப் போதும், பயிருக்குப் போதாது.

ஜனவரி 27

பரணில் இருந்து கடைச் சாமானை இறக்கினேன். கும்பகோணத்தில் அவர் வைத்திருந்தது எல்.இ.டி. பல்பு செய்கிற, ரிப்பேர் பார்க்கிற கடை. கல்லாவில் உட்கார்ந்தவர் அவர், வீட்டிலிருந்து பாதி பல்புக்கு ஈயம் பற்றவைத்தவள் நான். வெளியே யாருக்கும் தெரியாது.

பழைய பல்பை உடைத்தால் உள்ளே சிப் பதித்த வட்டத் தகடு வரும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினேன். செடிக்குச் சிவப்பு வெளிச்சமும் வேண்டும் என்று அவர் எங்கோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். மகன் ஃபஹத் கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய விளக்குச் சரத்தில் இருந்து சிவப்பு சிப் கொஞ்சம் எடுத்தேன்.

இதையெல்லாம் எதில் ஒட்டுவது? சூடு இறங்க அகலமான உலோகம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கருகிவிடும். அறை முழுக்கத் தேடினேன். சஹன் சுவரில் சாய்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அந்த ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். அவர் பக்கம் அவர், என் பக்கம் நான், நடுவில் ஆணம் ஊற்றிய சோறு. கறித்துண்டு எப்போதும் என் பக்கம் நகர்ந்து வந்துவிடும். நல்ல கனமான அலுமினியம். இனி அது எதற்கு?

ஜனவரி 28

சிப் எல்லாவற்றையும் ஒட்டி, வரிசையாகப் பற்றவைத்து, ஸ்விட்சைப் போட்டேன். எரியவில்லை. ஒரு தகட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறேன், ப்ளஸ்ஸில் மைனஸ். அவர் இருந்தால் “மறுபடியுமா?” என்பார். நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

திருப்பி வைத்தேன். எரிந்தது. கண் கூசியது. சந்தோஷம் என்று எதுவும் இல்லை.

ஜனவரி 29

மாட்டுவதுதான் பெரிய வேலை. விளிம்பில் மூன்று ஓட்டை போட்டு, பழைய ஊஞ்சல் சங்கிலியைக் கோத்து, ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டேன். நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நான். மதினி கீழே நின்று இத்தாவில் இருக்கிற பொம்பளை செய்கிற வேலையா இது என்று புலம்பிக்கொண்டே ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயிர் உயர உயரச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக மேலே ஏற்றலாம்.

பிப்ரவரி 1

இறந்தவரின் மையத் கிடந்த அறையில் நாற்பது நாள் விளக்கு அணையக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மதினி மூலையில் ஒரு சின்ன பல்பு போட்டு வைத்திருந்தார். ஓர் அறைக்கு இரண்டு விளக்கு எதற்கு? அதைக் கழற்றிவிட்டேன். சஹன் விளக்கே எரியட்டும், ராவும் பகலும். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது.

பிப்ரவரி 10

நாற்று நிமிர்ந்துவிட்டது. பச்சை பிடித்துவிட்டது.

பிப்ரவரி 22

நாற்பது முடிந்தது. மதினி வந்து, “இன்னிக்கு அணைச்சிடலாம் ஹலீமா, போதும்” என்றார்.

ஸ்விட்சில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். பயிருக்கு வெளிச்சம் வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் பயிருக்காக மட்டும் இல்லை. இருட்டில் இந்த அறை எப்படி இருக்கும் என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 21

நோன்புப் பெருநாள். வட்டலப்பம் வந்தது. சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 30

மத்தியானம் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டது. ஒரு சிப் போனால் வரிசை மொத்தமும் போகும். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஸ்டூல் மேல் ஏறினேன். என்ன ஆச்சு எனக்கு, ஒரு பல்புக்குப் போய் இப்படியா?

எந்த சிப் என்று தேடிப் பிடித்தேன். நடுவில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. போனதன் மேல் ஒரு துளி ஈயத்தை வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் எரியும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான். எரிந்தது.

ஏப்ரல் 6

ஷார்ஜாவிலிருந்து ஃபஹத் பேசினான். மையத் எடுக்கும்போது அவனால் வரமுடியவில்லை. இப்போதெல்லாம் வேலையைப் பற்றித்தான் பேசுகிறான். வயலை மனை போட ஒருவர் கேட்கிறாராம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றான்.

அத்தாவுடைய வயல் என்றேன்.

“அத்தாவே இல்லை, அத்தா நெல்லும் இல்லை. அப்புறம் எதுக்கும்மா அந்த வயலு?”

நெல் இருந்தால் என்று கேட்டேன். இருந்தால் விற்கிற பேச்சை விட்டுவிடுகிறேன் என்றான், குழந்தைக்குச் சொல்வது போல. டப்பைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. கதிர் வரட்டும், காட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 10

கதிர் வரவில்லை.

புதர் மாதிரி தூர் கட்டியிருக்கிறது. இலை என் தோள் உயரம், கரும்பச்சை. ஆனால் தண்டு தட்டையாகவே இருக்கிறது. பக்கிரி கொல்லையில் நின்று மதினி மூலமாகக் கேட்டனுப்பினார், உள்ளே கதிர் கட்டினால் உருளுமே, தண்டு உருண்டிருக்கிறதா என்று. இல்லை என்று சொல்லியனுப்பினேன். அவருக்கும் புரியவில்லை. வயலில் இப்படி ஆவதில்லையாம்.

எரு வைத்தாயிற்று. தண்ணீர் வைத்தாயிற்று. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன், உயர்த்திப் பார்த்தேன். ஃபஹத் வருவதற்குள் ஒரு கதிராவது வேண்டும். எனக்கு வேறே என்ன தெரியும், என்னதான் வேணுமாம் இதுக்கு?

மதினிக்கு இன்று பொறுமை போய்விட்டது. கதவிடுக்கு வழியாக வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதாம், இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லையாம். “நீதான் தூங்கலை, என்னையும் தூங்கவிடலை. அந்தப் பயிரையாவது கொஞ்சம் தூங்க விடேன்டி.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கையில் செம்போடு அப்படியே நின்றேன்.

சில வருஷம் முன்னால், இப்போது அவரை அடக்கியிருக்கிற மையவாடிக்குப் போகிற பாதையில், எங்கள் வயல் மூலையில், பஞ்சாயத்து ஒரு சோலார் விளக்கு நட்டது. அந்த வருஷம் விளக்குக்கு நேர் கீழே ஒரு பாய் அகலத்துக்குக் கதிரே வாங்கவில்லை. சுற்றிலும் பழுத்துக் கிடக்க அது மட்டும் பச்சையாக நின்றது. சம்பாவுக்கு நீண்ட இருட்டு வேண்டும், அப்போதுதான் கதிர் பிடிக்கும் என்று அவர் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தார். விளக்கு விற்கிற மனுஷன் ஏணி வைத்து ஏறி, வயல் பக்கம் வெளிச்சம் விழாமல் விளக்குக்குத் தகரம் கட்டினார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தெரிந்தும் செய்திருக்கிறேன். அணைக்கவே இல்லையே நான்.

ஏப்ரல் 10, மறுபடி

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் அணைத்தேன். கூடத்து வெளிச்சம் படாமல் இருக்க என் கறுப்பு புர்காவை டப்பின் மேல் போர்த்தினேன். வெளியே போகிற வரைக்கும் அதற்கும் ஒரு வேலை.

ஏப்ரல் 11

காலையில் எழுதுகிறேன், ராத்திரி எழுத வெளிச்சம் இல்லை.

அழுதேன். இருட்டில் கட்டிலின் அவர் பக்கம் கை போனது, வெறும் விரிப்பு. அவ்வளவுதான், வந்துவிட்டது. வாயில் தலையணையை வைத்துக்கொண்டேன். மதினிக்குக் கேட்டிருக்கும். வரவில்லை. நல்லவேளை வரவில்லை.

ஏப்ரல் 12

அணைத்தேன்.

ஏப்ரல் 19

சாயங்காலம் அணைக்கும்போது பயம் குறைந்திருக்கிறது. மதினி நன்றாகக் குறட்டை விடுகிறார்.

மே 4

தண்டைத் தொட்டுப் பார்த்தேன். உருண்டிருக்கிறது. விரலுக்குத் தெரிகிறது.

மே 15

உறைக்குள்ளிருந்து ஒரு கதிர் தலை நீட்டியிருக்கிறது. காலையில் புர்காவை எடுத்ததும் பார்த்தேன். மதினியைக் கூப்பிட்டேன், குரல் உயர்ந்துவிட்டது போல, என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். பார்த்துவிட்டு, “அட, வந்துட்டானா?” என்றார். இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டோம்.

மே 23

இத்தா முடிந்தது. குளித்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். வெயில் சுட்டது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பக்கிரி வாசலில் நின்றிருந்தார். இளைத்திருக்கிறார். கதிரைக் காட்டினேன்.

மே 28

ஹஜ்ஜுப் பெருநாள். ஃபஹத் முந்தாநாளே வந்துவிட்டான். பேப்பர்கள் கொண்டுவந்திருந்தான். தொழுதுவிட்டு வந்தவனை உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். சஹன் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகக் கதிர் தொங்குவதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான்.

சொன்னேன். சட்டைப்பை, முளை, சஹன் எல்லாம்.

“அந்தச் சட்டை இருக்காம்மா?” என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். துவைக்காமல் வைத்திருந்தேன். பையில் முளை துளைத்த ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டு அழுதான். நாலு மாதத்துக்கும் சேர்த்து அழுதான். தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பேப்பர்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

ஜூன் 18

அறுத்தேன். கறி நறுக்குகிற கத்திதான். உதிர்த்துக் காயவைத்தால் ஒரு செம்பு வந்தது. இந்த வருஷம் ஒரு மூலையில் ஒற்றை ஒற்றை நாற்றாக நட்டுப் பெருக்கிக்கொள்ளலாம், மற்ற இடத்துக்கு வேறு நெல் போடலாம், அடுத்த சம்பாவுக்கு வயல் முழுக்க இதுவே என்றார் பக்கிரி. தலையாட்டினேன்.

விளக்கைக் கழற்றவில்லை. அணைத்தேன், அப்படியே தொங்குகிறது.

அக்டோபர் 9

நட்டு மூன்று வாரம் ஆகிறது, வேர் பிடித்துவிட்டது என்று பக்கிரி வந்து சொன்னார். மழை வந்தால் தண்ணீர் நிற்காத மேடு என்று மையவாடிப் பாதை மூலையில்தான் நட்டிருக்கிறார். அந்த சோலார் விளக்கு இருக்கிற மூலை. ஃபஹத் அத்தா கட்டிய தகரத்தை ஜனவரிக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாம். புதுத் தகரம் வாங்கிவரட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். உள்ளே போய் ஸ்டூல் மேல் ஏறி சஹனை இறக்கினேன். சிப்பையெல்லாம் சுரண்டி எடுத்தேன், ஒயரை உருவினேன். சங்கிலி ஓட்டைகள் மூன்றும் இருக்கின்றன, கம்பி கோக்க அதுவே போதும்.

சாயங்காலம் மதினியும் கூட வந்தார். பக்கிரி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான்தான் ஏறினேன். பாதையில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். விளக்குக்கும் வயலுக்கும் நடுவில் சஹனைச் சாய்த்து வைத்துக் கம்பியை முறுக்கினேன்.

இறங்கி, பொழுது சாயும் வரை நின்றோம். விளக்கு தானாக எரிந்தது. மையவாடிப் பக்கம் பாதை முழுக்க வெளிச்சம், கேட் வரைக்கும் தெரிந்தது. வயல் பக்கம் நல்ல இருட்டு.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். பசித்தது.