மலை ஏறிய ஆறு

ஜூன் 4, புதன்

அண்ணன் எழுதும் மாயலோக நாவலுக்கு நான்தான் கணினியில் வரைபடம் போடுகிறேன். பகலெல்லாம் அலுவலகத்தில் வீட்டுமனைகளுக்கு எல்லைக்கோடு. வீட்டுக்கு வந்தால் இவன் ராஜ்யங்களுக்கு. இன்று பதினோராவது குறுஞ்செய்தி: "பாலைவனத்தக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு." பாலைவனம் என்ன பாயா?

ஜூன் 6

நிழலாறு கிழக்குச் சமவெளியில் பிறந்து மேற்குக் கடலுக்கு நேர்கோட்டில் போக வேண்டுமாம். நாயகன் அதில் படகு விடுகிறான். நடுவில் மலைத்தொடர் இருப்பதே இவனுக்கு மறந்துவிட்டது. மேடு பள்ளம் பார்த்துத்தான் மென்பொருள் ஆறு விடும். நான் இழுத்த கோட்டைச் சிவப்பாக்கி மறுத்துவிட்டது. போனில் சொன்னேன்.

"தண்ணி மேட்டுல ஏறாதுண்ணா."

"இது மாயலோகம்டி! நீ கோடு போடறவ, கோட்ட மட்டும் போடு."

கோடு போடறவளாம். எட்டு வருஷமா இதே வேலையப் பாக்கறவகிட்ட! கதையில் அந்த ஆற்றுக்கு மந்திரம் இருப்பதாக ஒரு வரி உண்டா? கிடையாது.

ஜூன் 9

மலைக்குத் தெற்கே ஒரு கணவாய் வைத்து, ஆற்றை அதன் வழியே திருப்பிவிட்டேன். அவனிடம் மூச்சு விடவில்லை. "நான் சொன்ன மாதிரியே வந்திருக்கு பாருங்க" என்று அம்மாவிடம் காட்டிப் பெருமையடித்தான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: படத்தின் மூலையில் என் பேர். "அதுக்கென்ன, போட்டாப் போச்சு" என்றான்.

ஜூன் 23

பதிப்பாளர் மாதிரிப் பக்கங்களை அனுப்பினார். மூலையில் "கதையும் வரைபடமும்" என்று போட்டு அவன் பேர். நன்றிப் பக்கத்தில் "எப்போதும் உற்சாகம் தந்த தங்கைக்கு." உற்சாகமா? நானா?

"அந்த உலகத்தப் படைச்சவன் நான்தானே?" என்கிறான். சரி, படைத்தவனே படட்டும்.

"கூடப் பொறந்தவன்தானே, விட்டுக் கொடேன்" என்கிறாள் அம்மா. இந்த வீட்ல விட்டுக் கொடுக்கறதுக்குன்னே ஒருத்தியப் பெத்து வெச்சிருக்காங்க.

ஜூன் 24

பதிப்பாளர் இன்னும் தெளிவான கோப்பு வேண்டும் என்றார். அண்ணனின் செய்திகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். உயரச் சோதனையை நிறுத்தினேன். கணவாயை மூடினேன். நிழலாறு ஜம்மென்று சிகரத்தில் ஏறி மறுபக்கம் இறங்கியது.

அண்ணனுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். 'சூப்பர்' என்று பதில். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்.

ஜூலை 2

மனசு உறுத்தும் என்று காத்திருக்கிறேன். இன்னும் உறுத்தவில்லை.

ஆகஸ்ட் 17

புத்தகம் வந்து பத்து நாள். யாரோ ஒரு வாசகர் வரைபடத்தை இணையத்தில் போட்டு, "இந்த ஆத்துக்கு மோட்டார் எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டிருக்கிறார். ஆயிரக்கணக்கில் சிரிப்பு.

அண்ணன் போன் செய்தான். குரலில் தேன்.

"உன் உழைப்ப மறைச்சது என் தப்புதான்மா. இப்பவே எல்லாருக்கும் சொல்லிடறேன், படம் போட்டது நீதான்னு. அடுத்த பதிப்புல உன் பேர் மட்டும்தான்."



"நான் போட்டது வேற படம்ணா. அத உனக்குத் தரமாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

என்ன சொன்னான் என்று அம்மா கேட்டாள். படத்தில் என் பேரைப் போடுகிறானாம் என்றேன். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா? நீதான் அவனத் தப்பாவே நெனைக்கற."